பஞ்சு வைத்த மேகலை

ஜனவரி 7

பந்து பட்டுவிட்டது.

எங்கே பட்டது என்று எழுத உட்கார்ந்தேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். வயிற்றுக்குக் கீழே. தொடைக்கு மேலே. வலது பக்கம் கொஞ்சம் தள்ளி. அந்த இடத்துக்குத் தமிழில் ஒரு நல்ல இலக்கியச் சொல் இருக்கிறது. அதைவிட நல்ல வசவுச் சொல் இருக்கிறது. டாக்டரிடம் சொல்வதற்குத்தான் ஒரு சொல்லும் இல்லை. எம்.ஏ. தமிழ், இரண்டாம் ஆண்டு. இதுதான் நான் கற்றது.

"எங்கம்மா பட்டுச்சு?" என்றார் டாக்டர்.

"கீழ சார்."

"முழங்கால்லயா?"

"மேல சார்."

"வயித்துலயா?"

"கீழ சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜெபக்கனி மேடத்தைப் பார்த்தார். மேடம் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். விசில் ஊதி ஊதி, விசில் இல்லாதபோதும் அதே சுருதியில்தான் பேசுவார்.

"இடுப்பெலும்பு முன்பக்கம், சார். பெல்விஸ். ஹாக்கிப் பந்து. பிள்ளைக்கு வெக்கம்."

வெளியே டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. கோவில்பட்டி சிறிய ஊர். நாளைக்குள் மீதிப் பேருக்கும் கேட்டுவிடும்.

எலும்பு உடையவில்லை. வீக்கம்தான். இரண்டு வாரம் ஓய்வு.

அடித்தது இசக்கி. என் வகுப்பு, என் பெஞ்சு, என் டிபன் பாக்ஸில் பாதி அவளுடையது. பெனால்டி கார்னரில் ஃபிளிக் அடிப்பது அவள் வேலை. கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளுவாள், இன்னொருத்தி நிறுத்துவாள், இசக்கி அதை மட்டையில் சுருட்டி வீசுவாள். நான் கோல்கீப்பர். வீசும் இடத்தில் இருப்பது என் வேலை. இன்று சரியாக இருந்தேன்.

ஆட்டோவில் என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அதன் வாரை மாட்டினாள், கழற்றினாள்.


ஜனவரி 9

என் பழைய கர்டிலைப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள்.

கர்டில் என்பது கோல்கீப்பர் இடுப்பில் மாட்டும் மெத்தை வைத்த அரைக்கால் சட்டை. கால் பேட் முடியும் இடத்துக்கும் மார்புக் கவசம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு திறந்தவெளி உண்டு. அதை மூடத்தான் அது. மேடம் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். உள்ளே ஸ்பாஞ்சு இல்லை. மஞ்சள் தூள் கொட்டியது. கூடவே ஒரு ஹேர்பின்னும் ஒரு கடலைமிட்டாய்க் காகிதமும்.

"இத்தன வருசமா இந்த மிட்டாய்க் காயிதம்தான் பந்தத் தடுத்திருக்கு" என்றார் மேடம். "புதுசு வாங்கணும். நீயே பாத்துத் தேர்ந்தெடு வல்லி. போடப்போறவ நீதான. பிப்ரவரி எட்டாந்தேதி மண்டல மேட்ச். அதுக்குள்ள."

"நல்லதாப் பாத்து எடுக்கணும் மேடம். அவசரப்படக் கூடாது."

மேடம் என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். நான் எம்.ஏ. சேர்ந்தது விளையாட்டு ஒதுக்கீட்டில். விளையாடாவிட்டால் அந்த இடம் எனக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே எனக்குக் கேட்கிறது.


ஜனவரி 12

அம்மாவுடன் பஜாருக்குப் போனேன். தனியாகப் போயிருக்க வேண்டும்.

விளையாட்டுச் சாமான் கடையில் கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும்தான். "கர்டிலா? அது நாலு கடை தள்ளி லேடீஸ் ஐட்டத்துல கெடைக்கும் பாருங்க." போனோம். கடைக்கார அக்கா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நீலச் சுடிதார், நொண்டி நடை. முகம் கனிந்தது.

"எத்தன மாசம் ஆச்சு?"

"அஞ்சு நாள்தான் ஆகுது" என்றேன். பந்து பட்டதைச் சொன்னேன்.

"அஞ்சு நாள்லயே எந்திரிச்சு வந்துட்டியாம்மா! நார்மலா சிசேரியனா?"

அம்மா பக்கத்தில் இருந்த நைட்டி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது ஹாக்கிக்கு."

"எதுக்குன்னாலும் வயிறு வயிறுதானம்மா. இதப் போடு. தையல் பிரியாது, தொப்பை விழாது. பிள்ளைக்குப் பால் குடுக்கையில மட்டும் லூஸ் பண்ணிக்கோ."

போட்டுப் பார்த்தேன். உண்மையில் மிக வசதியாக இருந்தது. ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை நிறுத்தும் என்று பெட்டியில் எழுதவில்லை. தொப்பையை நிறுத்தும் என்றுதான் எழுதியிருந்தது.

நிராகரித்தேன்.

திரும்பும் வழியில் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். தெருமுனை வந்ததும் சொன்னாள்: "அந்தக் கடைப்பக்கம் இனி நான் போக மாட்டேன். பாவாட நாடாகூட எனக்கு வேணாம்."


ஜனவரி 13

நடந்தால் வலிக்கவில்லை. படி ஏறினாலும் வலிக்கவில்லை.

மேடத்திடம் கொஞ்சம் வலிக்கிறது என்றேன்.


ஜனவரி 17

பொங்கல் விடுமுறை முடிந்தது. ஆண்கள் கல்லூரியிலிருந்து மேடம் ஒரு கர்டில் இரவல் வாங்கி வந்தார். அவர்களுடைய கோல்கீப்பர் போட்டது. துவைத்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் என்று சொல்லவில்லை.

மெத்தை நல்ல மெத்தை. பிரச்சினை முன்பக்கம். அரைத் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், தையலோடு தையலாக. கழற்ற முடியாது.

அணி முழுவதும் சுற்றி நின்று பார்த்தது. இவ்வளவு ஒற்றுமையை நான் எந்த மேட்சிலும் கண்டதில்லை.

"இதுல என்னத்தட்டி வைக்க?" என்றாள் யாரோ.

"பொங்கல் வாங்கிக்கலாம் அக்கா" என்றாள் சுலைகா.

சுலைகா முதலாம் ஆண்டு பி.காம். இரண்டாவது கோல்கீப்பர். நான் ஓய்வில் இருப்பதால் இப்போது அவள்தான் நிற்கிறாள். ஒல்லி. விழுந்தால் சத்தமே வராது.

இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். "கெட்டியாத்தான் இருக்கு வல்லி. உள்ள துணி வச்சு அடைச்சுக்கலாம்."

உடற்கூற்றியல் அடிப்படையில் பொருந்தாது என்று நிராகரித்தேன். அந்தச் சொற்களிலேயே சொன்னேன்.


ஜனவரி 18

கல்லூரி அலுவலகத்துக்கு விண்ணப்பம்.

மேடம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதைக் கண்காணிப்பாளர் நல்லசிவம் சார் திருப்பி அனுப்பிவிட்டார். கோப்பு தமிழில்தான் வர வேண்டும். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

"ஏட்டி, நீ தமிழ்தான படிக்க. 'பேடட் கர்டிலுக்கு' தமிழ்ல ஒரு பேர் வச்சுக் குடு" என்றார் மேடம்.

யோசித்தேன். இடுப்பு மெத்தை என்று எழுதியிருக்கலாம். இடுப்புக் கவசம் என்று எழுதியிருக்கலாம். ஒரு மனிதப் பிறவிக்குப் புரியும்படி எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனால் காலையில்தான் சங்கப் பாடல் வகுப்பு முடிந்திருந்தது. பேராசிரியர் "அல்குல்" என்ற சொல் வந்ததும் வழக்கம்போல இருமினார். "இடை என்று கொள்க" என்றார். அடுத்த வரியில் அந்த இடத்தின் மேல் தலைவி மேகலை அணிந்திருந்தாள். மேகலை வந்ததும் இருமல் நின்றது. உடம்பைச் சொல்ல முடியாத இடத்தில் நகையைச் சொல்லலாம்.

எழுதினேன்: பஞ்சுப் பொதி மேகலை, எண்ணிக்கை ஒன்று, ஹாக்கி அணிக்கு.

எனக்கு அது அழகாக இருந்தது. மேடம் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

"இது வந்து சேர்றதுக்குள்ள நீ பேரன் பேத்தி எடுத்துருவ. நான் வேற வழியும் பாக்கேன்" என்றார்.

எனக்கு அவசரமில்லை.


ஜனவரி 21

ஓய்வு இன்றோடு முடிகிறது. டாக்டர் விளையாடலாம் என்றார். கர்டில் இல்லாமல் எப்படி விளையாட என்று கேட்டேன். அதுவும் சரிதான் என்றார். நல்ல டாக்டர்.

மாலை மைதானத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சியைப் பார்த்தேன். சுலைகா டிராக் பேண்ட்டுக்குள் விடுதித் தலையணையைத் திணித்துக்கொண்டு நின்றாள். உறையில் இரண்டு கிளிகள். குனியும்போது ஒரு கிளி எட்டிப் பார்த்தது.

இசக்கிக்கு ஃபார்ம் போய்விட்டது. அடித்த கார்னர் எல்லாம் வெளியே. இடது கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி, வலது கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி. ஒன்று வலைக்கு மேலாகப் போய் ரோட்டில் பதநீர் விற்பவரின் சைக்கிளில் பட்டது. போன மாதம் வரை கம்பத்தில் கைக்குட்டை கட்டினால் அதில் அடிப்பவள். மேடம் விசிலை எடுக்காமலேயே ஊதினார்.

"இசக்கி! கோல் போஸ்ட் அங்க இருக்குட்டி! நகத்தி உன் பக்கம் கொண்டு வரவா?"

மட்டையில் ஏதோ கோளாறு என்றாள். இருக்கலாம். வளைவு மாறினால் அப்படி ஆகும்.


ஜனவரி 24

இணையத்தில் மேடம் ஆர்டர் போட்டது வந்துவிட்டது. 'ஹாக்கி கர்டில், பெண்கள்' என்று தேடி, இடுப்பு அளவு பார்த்து, நான்தான் தேர்ந்தெடுத்தேன். பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டியைத் திறந்தோம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கறுப்பு மெத்தை, அதற்குள் பிளாஸ்டிக் தகடுகள், முன்னால் ஷூ லேஸ் போல நாடா. இரண்டு பேர் பிடித்து என்னை உள்ளே இறக்கினார்கள். கல்லூரி வாசலில் வரவேற்கும் கரடி பொம்மை வேஷம் மாதிரி ஆனேன். உட்கார முடியவில்லை. குனிய முடியவில்லை. வேர்வை கணுக்காலில் சொட்டியது.

சுலைகா செல்போனில் விமர்சனங்களைத் தமிழாக்கிப் படித்தாள். "'பனியில மூணு மணி நேரம் நின்னேன். இடுப்புல குளிரே தெரியல. அஞ்சு ஸ்டார்.' அக்கா, இது ஐஸ் ஹாக்கி அக்கா."

கோவில்பட்டி வெயிலில் எனக்கும் குளிர் தெரியவில்லை. அதற்கு ஸ்டார் கொடுக்கலாம்.

திருப்பி அனுப்பியாயிற்று. மகிழ்ச்சி என்று எழுதக் கை போகிறது. நிம்மதி என்று எழுதுகிறேன். அதுவும் சரியில்லை. திருப்பி அனுப்பியாயிற்று.


ஜனவரி 27

இசக்கி ஒன்று கொண்டுவந்தாள்.

நேற்று குடியரசு தின விடுமுறை. பஸ் ஏறி மதுரைக்குப் போய், அங்கே விளையாட்டு விடுதியில் இருக்கும் அவளுடைய சித்தி மகளிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறாள். பெண்கள் கர்டில். ஃபீல்டு ஹாக்கி. ஒரே ஒரு சீசன் போட்டது. நீல நிறம்.

போட்டுப் பார்த்தேன். குனிந்தேன், உட்கார்ந்தேன், இரண்டு பக்கமும் காலை நீட்டி விழுந்தேன். கூடவே வந்தது. பட்ட இடத்தின் மேல் இரண்டு அடுக்கு மெத்தை. கையால் குத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"எப்பிடி இருக்கு?" இசக்கியின் முகம் வெளிச்சமாக இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

"கலர் சரியில்ல."

"என்னது?"

"நீலம் எனக்குப் பிடிக்காது. பந்து வரும்போது கண்ண உறுத்தும்."

"உன் கண்ணு உன் இடுப்புலயாட்டி இருக்கு?"

இது அழகியல் சார்ந்த விஷயம். விவாதிப்பதற்கில்லை.

அவள் அதை மடித்து உபகரண அறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மெதுவாக, ஓரம் ஓரமாக மடித்தாள்.


ஜனவரி 28

இசக்கி இன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. எலுமிச்சைச் சாதம் மீந்துவிட்டது.


ஜனவரி 30

சுலைகாவுக்குப் பட்டது.

இசக்கி அடித்ததல்ல. இசக்கிதான் வெளியே அடிக்கிறாளே. வேறொருத்தி சும்மா தள்ளிய பந்து, கால் பேடில் பட்டு எகிறி மேலே வந்தது. கிளி காப்பாற்றவில்லை. கீழே உட்கார்ந்தாள். எழுந்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள். அடுத்த பந்துக்குக் குனிந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெஞ்சில் உட்கார்ந்தபடி உள்ளங்கை வேர்த்தது. வெயில்.

பயிற்சி முடிந்து வந்தாள். என் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த நீலத்த நீங்க வேணாம்னு சொல்லிட்டீகளாமே. நான் போட்டுக்கிடட்டா?"

"போட்டுக்கோ."

"கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"நான் எதுக்குக் கோவிக்க? உனக்குப் பெருசா இருக்கும்."

"நாடாவ இறுக்கிக் கட்டிக்கிடுதேன். எனக்குக் கலர்லாம் பிரச்சன இல்ல அக்கா."

குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. அதனால்தான் குத்தியது.


பிப்ரவரி 2

அலுவலகத்திலிருந்து பார்சல். 'ஹாக்கி அணி, அவசரம்.'

மேடம் பிரித்தார். சிவப்பு வெல்வெட் பெட்டி. உள்ளே தங்க முலாம், பச்சைக் கல், சிவப்புக் கல், நடுவில் தோகை விரித்த மயில். பரதநாட்டியத்துக்குக் கட்டும் ஒட்டியாணம்.

யாரும் மூச்சு விடவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

மேடம் அங்கிருந்தே நல்லசிவம் சாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"சார், என்ன சார் இது? ஹாக்கிக்கு ஒட்டியாணமா?"

"மேகலைன்னு எழுதியிருந்தீங்களேம்மா. மேகலைன்னா இடையில அணியறது. அது பழைய வழக்கு, கடைக்காரனுக்குப் புரியாதேன்னு நான்தான் ஒட்டியாணம்னு திருத்தினேன். சந்தேகத்துக்கு உங்க பழைய இங்கிலீஷ் பேப்பரையும் எடுத்துப் பாத்தேன். கர்டில். அகராதியைப் புரட்டினேன். அதுலயும் ஒட்டியாணம்னுதான் போட்டிருக்கு. ரெண்டு வழியிலயும் ஒத்துப்போகுது."

"சார், பேடட்னு இருந்துச்சே!"

"திருப்பிப் பாருங்கம்மா. பின்பக்கம் பஞ்சு வைக்கச் சொல்லி ஸ்பெஷலா செஞ்சிருக்கு."

திருப்பினோம். வெல்வெட்டுக்கு அடியில் பஞ்சு. மெத்தென்றிருந்தது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேகலையாட்டி?"

"இலக்கியத்துல அதான் சொல்லு மேடம்."

"உன் இலக்கியத்துல தீய வைக்க."

அம்மாவிடம் சொன்னேன். "நம்மளால முடியல. கடைசில காலேஜாவது உனக்கு ஒட்டியாணம் போட்டுச்சே" என்றாள்.


பிப்ரவரி 3

நீளமாக எழுத வேண்டும்.

பயிற்சிக்கு முன் அலமாரியைத் திறந்து ஒட்டியாணத்தை எடுத்தது யாரென்று தெரியவில்லை. எனக்குக் கட்டிவிட்டது இசக்கி. டிராக் சூட்டின் மேல். கொக்கி எட்டவில்லை, நடனமணியின் இடுப்பு வேறு, கோல்கீப்பரின் இடுப்பு வேறு. ஸ்கிப்பிங் கயிற்றால் பின்னால் முடிச்சுப் போட்டாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் கை என் மேல் படுவது இதுதான் முதல் தடவை. முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"அக்கா இப்பக் கோல்ல நின்னா பந்து கும்பிட்டுட்டுத் திரும்பிப் போயிரும்" என்றாள் சுலைகா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும். அந்தச் சிரிப்பின் நடுவே மேடம் சாதாரணமாகச் சொன்னார்: "சரி. போய் நில்லு."

"மேடம், இன்னும் வலி..."

"வலிச்சா வலிக்கட்டும். ஒட்டியாணம் வாங்கியாச்சு, முகூர்த்தத்தத் தள்ளிப்போட முடியாது. சுலைகா, அந்த நீலத்தக் கழத்தி அவட்டக் குடு."

சுலைகா ஓடிப்போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள். இன்னும் சூடாக இருந்தது. போட்டேன். கால் பேட், மார்புக் கவசம், கையுறை, ஹெல்மெட். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் மறுபடியும் ஒட்டியாணம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அது இல்லாமல் கோட்டைத் தாண்டியிருக்க மாட்டேன் என்று தோன்றியது. அதோடு போனால் வேடிக்கை. இல்லாமல் போனால் கோல்கீப்பர்.

முதல் கார்னர். பந்து உள்ளே வந்தது, நின்றது, இசக்கி குனிந்தாள். வெளியே.

இரண்டாவது. வெளியே.

மூன்றாவது மறுபக்கம் வெளியே. மேடம் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை.

இசக்கி மட்டையைக் கீழே போட்டாள். "எனக்கு வரல மேடம். வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க."

நான் அவளிடம் நடந்தேன். கோல்கீப்பர் பேடுகளோடு நடப்பது வாத்து நடை. ஒவ்வொரு அடிக்கும் ஒட்டியாணத்தின் சிறிய மணிகள் குலுங்கின. மணி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"என்னட்டி?" என்றேன்.

"அன்னைக்கு நீ கத்தல."

"என்ன?"

"பந்து பட்டப்ப நீ கத்தவே இல்லட்டி. பொத்துனு ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்பிடியே மடங்கி உக்காந்துட்ட. கத்திருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. திட்டிருந்தாலும் ஒண்ணுமில்ல. அந்தச் சத்தம் காதுலயே கெடக்கு. பந்துக்குக் குனிஞ்சா கேக்கு."

மட்டையைப் பார்த்தேன். மட்டையில் எந்தக் கோளாறும் இல்லை.

"நீ ஒவ்வொரு கர்டிலாப் பாத்து வேணாம் வேணாம்னு சொல்லுத" என்றாள். "நான் ஒவ்வொரு பந்தா வெளிய அடிக்கேன். மேடத்துக்குத் தெரியாதுன்னா நெனைக்க? நீலம் பிடிக்காதாம். சொல்லும்போது நீ போட்டிருந்த சுடிதார் என்ன கலர்ட்டி?"

யோசித்தேன்.

"நீலம்" என்றேன்.

"உன் பை?"

"நீலம்."

"பயமா இருக்கா?"

இந்த நாட்குறிப்பில் ஜனவரி ஏழிலிருந்து எத்தனையோ சொற்கள் எழுதியிருக்கிறேன். உடற்கூற்றியல், அழகியல், வெயில். அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. இப்போது புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"இருக்கு" என்றேன்.

"எனக்கும்."

"அப்ப நேரா அடி. நீ வெளியவே அடிச்சா நான் எப்பிடிப் பழக?"

"பட்டா?"

"பட்டாக் கத்துதேன்."

மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நான் மணி குலுங்கத் திரும்பி வந்து கோட்டில் நின்றேன். ஹெல்மெட்டை ஒரு முறை அழுத்திவிட்டுக் குனிந்தேன்.

பந்து உள்ளே வந்தது. நின்றது. இசக்கி குனிந்தாள். இந்த முறை நிமிர்வதற்குள் என்னை ஒரு கணம் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, இது வெளியே போகாது.

கையுறை எட்டவில்லை. மயிலின் மேல் விழுந்தது.

டிங்!

நீலம் தாங்கியது. பஞ்சும் கொஞ்சம் தாங்கியிருக்க வேண்டும், நல்லசிவம் சார் வாழ்க. வலித்ததா? ஒரு குத்து, அவ்வளவுதான். கத்தத் தேவையே இல்லை.

கத்தினேன். அரைக்கோட்டைத் தாண்டி, காம்பவுண்டைத் தாண்டி, பதநீர்க்காரருக்குக் கேட்கும்படி. வெறும் கத்தல் இல்லை, ஒரு சொல். முதல் நாள் இங்கே எழுதாமல் விட்ட இரண்டு சொற்களில் ஒன்று. இலக்கியச் சொல் அல்ல.

மேடத்தின் விசில் வாயிலிருந்து விழுந்தது. சுலைகா காதைப் பொத்தினாள், தாமதமாக.

இசக்கி மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினாள்: "இன்னொண்ணு அடிக்கவா?"

"அடிட்டி!"


பிப்ரவரி 5

ஒட்டியாணத்தை நடனக் குழுவுக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நல்லசிவம் சார் பெட்டியைத் திறந்தார். மயிலுக்குத் தோகை இருந்தது, உடம்பு தட்டையாகியிருந்தது. பச்சைக் கல் இரண்டைக் காணோம்.

"புதுசும்மா இது. எப்படி ஆச்சு?"

"பெனால்டி கார்னர், சார்."

"எங்க பட்டுச்சு?"

டாக்டர் கேட்ட அதே கேள்வி. இந்த முறை கீழ, மேல என்று சுற்றவில்லை. "அல்குலுக்கு ஒரு விரல் மேல, சார்."

அவர் இருமினார். தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இலக்கியச் சொல்தான் சார்."

"தெரியும்மா. அதான் பயமா இருக்கு." பெட்டியை மூடினார். "'கையாளுகையில் சேதம்'னு எழுதிக்கறேன். இனி கோப்புக்கு நீங்க தமிழ்ல எழுத வேண்டாம். மேடத்தையே இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."


பிப்ரவரி 7

டிபன் பாக்ஸ் காலி. எனக்குப் பாதிகூட வரவில்லை.


பிப்ரவரி 8

மண்டல மேட்ச். நீலம் போட்டேன். மேலே ஒன்றும் இல்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எதிரணிக்குப் பெனால்டி கார்னர். அவர்களுடைய ஃபிளிக்கர் நெடிய பெண். இசக்கியைவிட வேகம் என்று பெஞ்சிலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்தது. உள்ளங்கை வேர்த்தது. வெயில் இல்லை, மேகமாக இருந்தது.

பந்து இடுப்புக்கு வந்தது. நகர நேரமில்லை. நகரவும் இல்லை. நீலத்தில் பட்டு வெளியே போனது.

கத்தினேன். அதே சொல். பழகிவிட்டது.

அம்பயர் விசில் ஊதி ஓடி வந்தார். "யாரும்மா அது? என்ன வார்த்தை அது?"

நான் ஹெல்மெட்டுக்குள் வாயைத் திறப்பதற்குள் அரைக்கோட்டிலிருந்து இசக்கியின் குரல்:

"இலக்கியம் சார்! எம்.ஏ. தமிழ் படிக்கா!"

அம்பயர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெஞ்சில் ஜெபக்கனி மேடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இலக்கியத்த மெதுவாப் பேசும்மா" என்றார் அம்பயர்.

மறுபடியும் கார்னர். குனிந்தேன்.